‘நானும்’ அண்ணனும் ஒரு கோவேறு கழுதையும்

இன்றைக்கு ‘நானும்’ அண்ணனைப் பார்த்தேன். நான் உள்ளே நுழைந்தபோது அவர் பகடையைக் காதோரம் கொண்டுபோய்க் குலுக்கிக்கொண்டிருந்தார், நின்றுபோன கைக்கடிகாரம் ஓடுகிறதா என்று கேட்பவரைப் போல. ஒரு கண் மூடியிருந்தது. விழப்போகும் எண்ணைப் பகடை முன்கூட்டியே காதில் சொல்லிவிடும் என்பது அவர் நம்பிக்கை. பிறகு கையை விரித்தார். இருபது பக்கப் பகடை பலகை மேல் உருண்டு, தயங்கி, நின்றது. நான்கு.

“பரவால்ல, கிட்டத்தட்ட வந்துடுச்சு” என்றார்.

தேவைப்பட்டது பதினைந்து.

நான் போனது தலையணை வாங்க. ஞாயிற்றுக்கிழமை மெத்தைக் கடைக்கு விடுமுறை என்பது எனக்குத் தெரியாது. ஷட்டர் பாதி திறந்திருந்தது. குனிந்து உள்ளே போனேன். பிளாஸ்டிக் உறை போட்ட மெத்தைகளை அடுக்கி, அவற்றின் மேல் ஐந்து பேர் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார்கள். யார் அசைந்தாலும் உறை கிறீச்சிடும். மெத்தையில் பகடை உருளாது, புதைந்துவிடும் என்பதால் கட்டிலின் தலைமாட்டுப் பலகை ஒன்றைக் கழற்றி நடுவில் போட்டிருந்தார்கள். “கடை லீவு சார்” என்று அண்ணன் என்னைப் பார்க்காமலே சொன்னார். அடுத்த மூச்சில், “கழுத்து வலியா? உங்களுக்கு மூணாவது எலும்பு லேசா வெலகியிருக்கு. உக்காருங்க, முடிச்சுட்டுப் பாக்குறேன்” என்றார். எனக்குக் கழுத்து வலியே இல்லை. ஆனாலும் தடவிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அதற்குப் பிறகு எழுந்திருக்கவே மனம் வரவில்லை.

இந்த ஆட்டத்தைப் பார்த்திராதவர்களுக்கு வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நாலைந்து பேர் சேர்ந்து வாயாலேயே ஒரு கதையை நடத்துகிறார்கள். ஒருவர் ஆட்டத்தை நடத்துவார்: இதோ ஆறு, இதோ கொள்ளைக்காரர்கள், என்ன செய்கிறீர்கள் என்று கேட்பார். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு வேடம், அந்த வேடத்துக்கு ஓர் அட்டை. செய்வதாகச் சொல்வது நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் பகடையை உருட்ட வேண்டும். விழுந்த எண்ணோடு அந்த வேடத்தின் பிறவி பலத்தைக் கூட்டலாம். அந்த வேலையில் பயிற்சி இருந்தால் அதற்கும் தனியாக ஒரு கூட்டல் உண்டு. மொத்தம், நடத்துபவர் சொன்ன எண்ணைத் தொட்டால் காரியம் ஆயிற்று. பயிற்சி இல்லாதவர்களும் முயலலாம்: சுவரேறலாம், ஒளியலாம், பொய் சொல்லலாம். அவர்களுக்குப் பகடையும் பிறவி பலமும்தான், வேறு தயவு கிடையாது. ஆனால் சில காரியங்களைப் பயிற்சி இல்லாதவர்கள் தொடவே கூடாது. பூட்டுத் திறப்பது, செத்துப்போன மொழியைப் படிப்பது, உடம்பைக் கிழித்துத் தைப்பது. அங்கே பகடையைக் கையில் எடுக்கவே அனுமதி இல்லை.

நடத்துபவர் ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பில் உட்காரும் பெண். “உக்காருங்க, கூப்பிடுவாங்க” என்பதை நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி, உலகத்தில் எவருடைய அவசரத்துக்கும் அசையாத ஒரு முகம் அவருக்கு வாய்த்திருக்கிறது. மற்ற மெத்தைகளை விட ஒன்றைக் கூடுதலாக அடுக்கி அதன் உச்சியில் உட்கார்ந்திருந்தார்.

அவருக்கு இடப்பக்கம் தெருமுனைச் சாவிக்காரர். நிஜ வாழ்க்கையில் அந்த வட்டாரத்தின் பாதிக் கதவுகளைத் திறந்தவர், ஆட்டத்தில் மந்திரவாதி. முதன்முதலில் கதையில் ஒரு பூட்டு வந்தபோது, எந்தக் கம்பியை எந்தக் கோணத்தில் விடவேண்டும் என்று உற்சாகமாகச் சொல்லத் தொடங்கினாராம். நடத்துபவர் கையைத் தூக்கி நிறுத்திவிட்டார். “உங்களுக்குத் தெரியும்ண்ணே. உங்க மந்திரவாதிக்குத் தெரியாது.” அந்தப் பூட்டைத் திறந்தது கணக்கு வாத்தியார். அவர் வேடம் திருடன், பூட்டுப் பயிற்சி பெற்றவன். வாத்தியாரோ சொந்த வீட்டுக்கு வெளியே சாவியில்லாமல் நின்று, இதே சாவிக்காரரால் மீட்கப்பட்டவர். சாவிக்காரருக்கு இன்னும் அது ஆறவில்லை. “நான் தொறந்து விட்ட வீட்டுக்குள்ள போய்த் தூங்கி எழுந்துதான்யா இந்தாளு இங்க வந்து பூட்டு தொறக்குறாரு” என்று என்னிடம் நியாயம் கேட்டார். நான் புதியவன், தலையை மட்டும் ஆட்டினேன்.

இப்போது நம் ஆளுக்கு வருகிறேன். நாற்பதைத் தாண்டிய வயது, மேல் பொத்தான் வரை போட்ட சட்டை, காதில் பேனா. கடையில் விற்பனையாளர். வாரம் முழுக்க முன்பின் தெரியாதவர்களைப் படுக்கச் சொல்லி, “எப்படி இருக்கு சார்?” என்று தலைமாட்டில் நின்று கேட்பது அவர் தொழில். ஆட்டத்தில் அவர் வேடம், கோவேறு கழுதை ஓட்டி. அவருடைய அட்டையை வாங்கிப் பார்த்தேன். பயிற்சி என்று தலைப்பிட்ட கட்டம் துடைத்து வைத்த தட்டு மாதிரி இருந்தது. கழுதை ஓட்டுவதில்கூட இல்லை.

“ஏண்ணே, ஒன்னாவது வாங்கியிருக்கலாம்ல?” என்று கேட்டேன்.

என் அறியாமைக்கு இரங்கி அவர் அருகில் நகர்ந்து வந்தார். மெத்தை கிறீச்சிட்டது. “தம்பி, ஒன்னைக் கத்துக்கிட்டோம்னு வெய்யி. மீதி எதுவும் தெரியாதுன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். எதையுமே கத்துக்கல. இப்ப எனக்கு எது தெரியும், எது தெரியாதுன்னு எவனாலயாவது சொல்ல முடியுமா?”

முடியாது. அதுதான் அவரைச் சுற்றியிருப்பவர்களின் கஷ்டம். ஆட்டத்தில் யார் எதை முயன்றாலும், அவர் தோற்றவுடன் இன்னொரு கை பலகைக்கு மேல் நீளும்; “நானும் ஒரு தடவ பாக்குறேன்.” சுவடு தேடுவதா, நானும். இளவரசியை இணங்க வைப்பதா, நானும். கப்பலின் ஓட்டையை அடைப்பதா, அவர் கடலையே பார்த்ததில்லை, நானும். பட்டப்பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. நிஜப் பெயர் என்னவென்று கேட்டேன். வாத்தியார் யோசித்துப் பார்த்துவிட்டு, சம்பளச் சீட்டில் இருக்கும் என்றார்.

இதற்கெல்லாம் காரணம் ஒரே ஒரு இருபது. ஆட்டம் தொடங்கிய புதிதில் எதை வேண்டுமானாலும் எவர் வேண்டுமானாலும் உருட்டலாம் என்று இருந்தது. இருபது விழுந்தால் என்ன கேட்டாலும் நடக்கும். அழிந்துபோன ஓர் அரசின் கல்வெட்டு முன்னால் எல்லோரும் நின்றார்கள். படித்த மந்திரவாதிக்கு இரண்டு விழுந்தது, தலையைச் சொறிந்தார். எழுதப் படிக்கத் தெரியாத கழுதை ஓட்டி, “நானும்” என்றார். இருபது. கல்வெட்டை ஒரு வரி விடாமல் படித்து, இரண்டாம் வரியில் ஓர் எழுத்துப் பிழை இருப்பதையும் சுட்டிக்காட்டினாராம். அன்றைக்கு விழுந்த அந்த இருபதை வைத்துத்தான் இன்று வரை குடும்பம் நடத்துகிறார். அதற்கு அடுத்த வாரமே நடத்துபவர், பயிற்சி இல்லாதவர்கள் தொடக்கூடாதவை என்று ஒரு விதி போட்டுவிட்டார். “என் ஒருத்தனுக்காகச் சட்டம் போட்டாங்க” என்கிறார் அண்ணன். அதைச் சொல்லும்போது நெஞ்சு நிமிர்கிறது.

வீட்டில் அப்படிச் சட்டம் போட ஆளில்லை. பக்கத்து வீட்டு மின்விசிறியை இவர் பழுதுபார்த்தார். குளியலறை விளக்கைப் போட்டால்தான் அது இப்போது சுற்றுகிறது. அதை அவர் தோல்வியாக நினைக்கவில்லை. “ரெண்டு சுவிச்சு வேலைய ஒரு சுவிச்சு பாக்குது, நல்லதுதானே?” மச்சினியின் மகளுக்குப் பள்ளிப் புகைப்படத்துக்கு முந்தின நாள் முடி வெட்டிவிட்டார். படத்தில் அந்தக் குழந்தை மட்டும் இரண்டு கைகளாலும் தலையைப் பொத்திக்கொண்டு நிற்கிறது. தையல் வகுப்பு, தட்டச்சு வகுப்பு, குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்க்கும் வகுப்பு என்று எல்லாவற்றிலும் சேர்ந்திருக்கிறார். எல்லாவற்றிலிருந்தும் முதல் பாடத்தோடு வெளியேறியிருக்கிறார். சொல்லிக்கொடுக்கத் தொடங்கிவிட்டால் அவருக்கு ஆர்வம் போய்விடுகிறது.

இவர் உருப்படியாகத் தெரிந்து வைத்திருக்கும் ஒரே விஷயம் மெத்தை. உள்ளங்கையை ஒருமுறை வைத்து அழுத்தினால் உள்ளே இருப்பது எது, இன்னும் எத்தனை காலம் தாங்கும் என்று சொல்லிவிடுவாராம். அதைப் பற்றிக் கேட்டபோது, “அதுல என்ன தம்பி இருக்கு, அது தெரிஞ்ச விஷயம்” என்று கொட்டாவி விட்டார்.

ஐந்தாவது ஆள், அண்ணி. அதாவது அவருடைய மனைவி. மடியில் கைப்பையை வைத்து அதன் மேல் இரு கைகளையும் வைத்து, மெத்தையின் நுனியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அறுவை அரங்கில் நர்ஸ். இந்த ஆட்டத்தை அவர் பார்க்க வந்தது இன்றைக்குத்தான் முதல்முறை.

“எனக்கு எப்பவோ ஒரு ஞாயித்துக்கிழமை லீவு கெடைக்குது. அன்னைக்குப் பாத்து இவருக்குக் கழுதை மேய்க்கணும்” என்றார் என்னிடம். “அப்படி என்னதான் மேய்க்கிறாருன்னு ஒரு தடவ கண்ணால பாத்துட்டா, நிறுத்தச் சொல்றதுக்கு வசதியா இருக்கும்ல.”

சும்மா உட்கார வேண்டாமே என்று, வேலை மாற்றலாகிப் போன ஒருவரின் அட்டையை நடத்துபவர் அவரிடம் கொடுத்திருந்தார். வைத்தியர் வேடம். வைத்தியத்தில் முழுப் பயிற்சி, எட்டுக் கூட்டிக்கொள்ளலாம். அண்ணி அட்டையை எக்ஸ்ரே மாதிரி வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்துவிட்டு, “இவளுக்கு நைட் டூட்டி உண்டா?” என்று கேட்டார். இல்லை என்றதும், “குடுத்து வெச்சவ” என்று மடியில் வைத்துக்கொண்டார்.

இப்போது அந்த நான்கு. கதையில் ஒரு தொங்குபாலம் வந்தது. கயிறு நைந்திருந்தது. சுற்றிப் போகலாம் என்றார் வாத்தியார். “எதுக்கு? கயித்த நான் கட்டுறேன்” என்றார் நம்மவர். முடிச்சுப் போடுவது பயிற்சி இல்லாதவரும் முயலக்கூடிய காரியம். தடுக்க விதி இல்லை. காதோரம் குலுக்கி உருட்டியதைத்தான் நான் வந்தபோது பார்த்தேன். நடத்துபவர் அசையாத முகத்தோடு சொன்னார்: “முடிச்சு அவுந்துடுச்சு. நீங்கல்லாம் இந்தப் பக்கம் பாய்ஞ்சுட்டீங்க. மேனேஜர் கீழ பாறைல விழுந்துட்டாரு. பின்னங்கால் ஒடிஞ்சிருக்கு. வயித்துல கிழிசல், ரத்தம் நிக்கல.”

அண்ணி திரும்பினார். “மேனேஜரா? மேனேஜர் எங்கேர்ந்து வந்தாரு?”

“கோவேறு கழுதைக்கு அண்ணன் வெச்ச பேரு, அண்ணி” என்றார் சாவிக்காரர். “இந்தக் கடை மேனேஜர் ஞாபகமா.”

“ஒதைக்குமா?”

“ஒதைக்கும். சுமையும் ஏத்திக்காது. ஆனா அண்ணனுக்கு உசிரு.”

அது உண்மை. அண்ணனைப் பார்த்தேன். சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றியிருந்தார். இத்தனை நேரம் எல்லாவற்றுக்கும் சிரித்த முகம் சுருங்கிப் போயிருந்தது. காகிதத்தில்கூட வரையாத ஒரு மிருகத்துக்காக ஒரு பெரிய மனிதர் இப்படி வாடுவதைப் பார்த்து எனக்கும் என்னவோ செய்தது. நான் இந்த ஆட்டத்துக்கு வந்து கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது.

அண்ணி இதையெல்லாம் கவனித்துக்கொண்டிருந்தார். கைப்பையை மடியிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தார். “சரி, இங்கேயே பேசி முடிச்சுடலாம். நான் வைத்தியர்தானே? இந்த மேனேஜர் பொழைச்சா, ஞாயித்துக்கிழமை உங்களுக்கு. இதப் பத்தி நான் இனிமே வாயே தொறக்க மாட்டேன். செத்தா, ஞாயித்துக்கிழமை எனக்கு. அன்னைக்கு யாரு எங்க இருக்கணும், என்ன செய்யணும்னு நான்தான் சொல்லுவேன். எதிர்ப்பேச்சு கூடாது.”

“ஞாயித்துக்கிழமையா?” என்றார் அண்ணன், வேறு கிழமை ஏதாவது கிடைக்குமா என்று கேட்பவர் போல.

“எல்லா ஞாயித்துக்கிழமையும்.”

அவர் நடத்துபவரைப் பார்த்தார். “எவ்வளவு வேணும்மா?”

“பதினஞ்சு. அண்ணிக்கு எட்டு கூட்டல் இருக்கு. பகடைல ஏழு விழுந்தாலே போதும்.”

அண்ணன் மூச்சு விட்டார். இருபது பக்கப் பகடையில் ஏழோ அதற்கு மேலோ விழுவது பெரிய காரியமே இல்லை. வாத்தியார் மனக்கணக்கில் வாய்ப்பைச் சொல்லிவிட்டார், அண்ணன் பக்கம்தான் அதிகம் என்று. இந்த இடத்தில் அவர் சும்மா இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை.

அண்ணி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார். குரல் மாறிவிட்டது. “மொதல்ல எல்லாரும் தள்ளி நில்லுங்க, காத்து வரட்டும். ரத்தம் வர்ற எடத்துல சுத்தமான துணி வெச்சு அழுத்துறேன். கால அப்புறம் பாத்துக்கலாம். கிழிசல் எவ்வளவு ஆழம்னு பாக்காம தைக்கக் கூடாது.” அத்தனை பேரும் நிஜமாகவே பின்னால் நகர்ந்தோம். ஐந்தாறு மெத்தைகள் ஒன்றாகக் கிறீச்சிட்டன. நடத்துபவரின் அசையாத முகம்கூடக் கொஞ்சம் முன்னால் வந்தது.

நகராதவர் ஒருவர். “நானும்…” என்றார்.

“கைய வெக்காதீங்க” என்றார் அண்ணி, திரும்பாமலே.

“என் கழுதைம்மா. ஒரு கை புடிக்கிறேன்.”

நடத்துபவர் குறுக்கிட்டார். “அண்ணே, வைத்தியத்துல உங்களுக்குப் பயிற்சி இல்ல. நீங்களா எதுவும் செய்ய முடியாது. அண்ணிக்கு உதவி வேணும்னா செய்யலாம். பத்துக்கு மேல விழுந்தா அவங்களுக்கு ரெண்டு கூடும். அஞ்சுக்குக் கீழ விழுந்தா கைய விட்டுக் கெடுத்துட்டீங்கன்னு அர்த்தம், ரெண்டு கொறையும். இந்த விதி எதுக்கு வந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும்.”

“தலைய மட்டும் புடிச்சுக்கிறேன்மா. மெரளாம இருக்கும்.”

“தலைய மட்டும் புடிக்கிறதுக்குப் பகடையே வேணாம்ண்ணே. சும்மா புடிச்சுக்கலாம். கூட்டலும் இல்ல, கழித்தலும் இல்ல.”

யோசித்துப் பாருங்கள். வரவேற்பில் உட்காரும் அந்தப் பெண் அவருக்குக் கதவை முழுவதுமாகத் திறந்துவிட்டார். தலையைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தால் போதும். அண்ணியும் முதல்முறையாகக் கொஞ்சம் இளகி, “ஆமா, அது நல்லது. எங்க அரங்குலயும் நோயாளிக்குத் தலைமாட்டுல ஒருத்தர் வேணும்” என்றார். கேட்கும்போதே எனக்குக் கண் கரித்தது. ஒடிந்த காலோடு பாறையில் கிடக்கும் ஒரு மிருகம், தலையைப் பிடித்தபடி ஒரு மனிதர், வயிற்றைத் தைக்கும் அவர் மனைவி. கடவுளே, இப்படியே விட்டுவிடட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

“சும்மா புடிக்கிறதுக்கு நான் எதுக்கு?” என்றார் அவர். கை ஏற்கெனவே பகடையின் மேல் இருந்தது. “அவ வயித்தப் பாக்குற நேரத்துல, ஒடிஞ்ச கால நான் நேரா இழுத்து வெச்சுடுறேன். ஒரே வேலையா முடிஞ்சுடும்.”

“ஏங்க” என்றார் அண்ணி.

காதோரம். குலுக்கல். ஒரு கண் மூடல். மூன்று.

சாவிக்காரர் தன் முகத்தைத் தானே தடவிக்கொண்டார். “கால இழுத்ததுல மேனேஜர் ஒதைச்சாரு. அண்ணி வெச்ச துணி நழுவிடுச்சு. அண்ணிக்கு ரெண்டு கொறையும்” என்றார் நடத்துபவர். “அதாவது, இப்ப ஒம்போது விழணும்.”

அண்ணி பகடையை வாங்கினார். அவர் காதோரம் கொண்டுபோகவில்லை. தெர்மாமீட்டரை உதறுவது போல ஒரே உதறல். பகடை பலகையின் விளிம்பு வரை ஓடியது, அங்கே நின்று சுற்றியது. நாங்கள் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டோம்.

எட்டு.

“எட்டும் எட்டும் பதினாறு” என்று அண்ணி உரக்கச் சொல்லிவிட்டார். அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பந்தயத்தில் தோற்கிறோம் என்பதே மறந்துபோய் அப்படி ஒரு மலர்ச்சி. “பதினஞ்சுதானே கேட்டீங்க? பொழைச்சுட்டான்ல?”

“பதினாறுல ரெண்டு போனா பதினாலு, அண்ணி” என்றார் கணக்கு வாத்தியார். வாழ்க்கையில் அவர் விரும்பாமல் செய்த ஒரே கழித்தல் அதுவாகத்தான் இருக்கும்.

மேனேஜர் செத்துப்போனார்.

அண்ணன் அப்போதும், “ஒன்னுதான் கொறைச்சல், கிட்டத்தட்ட…” என்று தொடங்கினார். அண்ணி பார்த்த பார்வையில், காதுப் பேனாவைச் சரிசெய்துகொண்டார்.

“நீங்க தொடாம இருந்திருந்தா அவன் எழுந்து நின்னுருப்பான்” என்றார் அண்ணி. குரல் உயரவில்லை. “எத்தனையோ வருஷமா அரங்குல நிக்கிறேன். கத்திய எடுத்துக் குடுத்திருக்கேன், வெளக்கப் புடிச்சிருக்கேன், நூல வெட்டியிருக்கேன். நீயே பாரும்மான்னு ஒருத்தரும் சொன்னதில்ல. இன்னைக்குத்தான் எனக்குன்னு ஒரு கேஸ் வந்துச்சு. அதயும் நீங்க கால இழுத்துக் கொன்னுட்டீங்க.”

“கழுதைதானேம்மா” என்றார் அவர், சற்று முன்பு அதற்காகப் பொத்தானைக் கழற்றியவர்.

“மேனேஜர்” என்று திருத்தினார் அண்ணி.

சற்று நேரம் கழித்துக் கையை நீட்டினார். “ஞாயித்துக்கிழமை இப்ப எனக்கு. நான் சொன்னபடிதான். சரியா?”

“சரி” என்றார் அண்ணன். எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். “போலாம், வா.”

“எங்க?”

“வீட்டுக்கு.”

“நான் எதுக்கு வரணும்? இன்னும் மூணு பேரு உசிரோட இருக்காங்க, அவங்களுக்கு வைத்தியர் வேணாமா?” அண்ணியின் கை நீண்டபடியே இருந்தது. “பகடையக் குடுங்க. உங்க அட்டையையும் குடுங்க. டூட்டிய மாத்தி வாங்கிக்கிட்டு ஞாயித்துக்கிழமை நான் இங்க இருப்பேன். நீங்க எதையும் தொடாம இருப்பீங்க. அவ்வளவுதான்.”

சாவிக்காரருக்குச் சிரிப்பு வந்து, இருமல் என்று சமாளித்தார். அண்ணன் பகடையைக் கொடுத்தார். அவர் சட்டைப் பையில் அவசரத்துக்கு வைத்திருந்த இன்னொரு பகடையையும் அண்ணி கேட்காமலே எடுத்துக்கொண்டார். கழுதை ஓட்டியின் அட்டை நடத்துபவரிடம் போனது. அவர் அதை வாங்கி, பல் பிடுங்கிக்கொண்டு போனவரின் சீட்டைப் போல அடுக்கின் அடியில் செருகினார்.

வீட்டுக்குப் போகவும் வழியில்லை. கடைச் சாவி அவரிடம்தான் இருக்கிறது. முதலாளி அவரை நம்பித்தான் ஞாயிற்றுக்கிழமை கடையைத் திறக்க விட்டிருக்கிறார். ஆட்டம் முடியும் வரை நின்று பூட்டிக்கொண்டு போக வேண்டும். ஆகவே இனி எல்லா ஞாயிறும் அவர் வருவார், ஷட்டரைத் தூக்குவார், பலகையைக் கழற்றிப் போடுவார், தூணோரம் நிற்பார். போய்த் தூணோரம் நின்றார். எனக்கு ஒரு தலையணையை எடுத்துக் கொடுத்தார். “இது உங்க மூணாவது எலும்புக்கு நல்லது” என்றார். குரலில் தெம்பில்லை. தலையணை மட்டும் அருமையாக இருந்தது. வீட்டுக்கு வந்து தலை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அந்தப் பக்கம் போகிறவர்கள் ஞாயிறு மதியம் ஷட்டர் பாதி திறந்திருந்தால் தயங்காமல் குனிந்து உள்ளே போங்கள். தூணோரம் நிற்பவரிடம் மெத்தையைப் பற்றி மட்டும் கேளுங்கள், கழுத்தைக் காட்டாதீர்கள். போக முடியாதவர்கள் இதை உங்கள் வீட்டு ‘நானும்’ ஆளுக்கு அனுப்பி வையுங்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் உண்டு. படித்துவிட்டு, இந்த மாதிரி ஆட்களைத் திருத்தவே முடியாது என்று அவரே உங்களுக்குப் பதில் போடுவார்.

நான் கிளம்பும்போது கதை நகர்ந்திருந்தது. மேனேஜரைப் புதைத்துவிட்டு அவர்கள் ஒரு கோட்டை வாசலுக்கு வந்திருந்தார்கள். பெரிய கதவு, பெரிய பூட்டு. வாத்தியாரின் திருடன் முயன்றான். ஆறு விழுந்தது, பூட்டு அசையவில்லை. சாவிக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தார். அடுத்து ஒரு குரல் வர வேண்டிய இடம் அது, வரவில்லை. எல்லோரும் பழக்கத்தில் அவர் உட்காரும் இடத்தைப் பார்த்தார்கள். அங்கே அண்ணியின் கைப்பை இருந்தது.

நான் ஷட்டருக்கு அடியில் குனிந்தவன் திரும்பிப் பார்த்தேன். தூணோரம், ஒருவரும் பார்க்கவில்லை என்று நினைத்து, அண்ணன் வெறுங்கையை மூடிக் காதோரம் கொண்டுபோனார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு குலுக்கினார். பக்கத்திலிருந்த மெத்தை மேல் கையை விரித்தார். பிறகு மெல்லக் குனிந்து, பிளாஸ்டிக் உறையின் மேல் என்ன விழுந்திருக்கிறது என்று பார்த்தார். முகம் மலர்ந்தது.